அக்கா பதில்கள்: ஸ்டார் வார்ஸ் போட்டா தூக்கம் வருது, வயசாயிடுச்சா?

போன இதழ்ல சும்மா ஒரு வரி கேட்டிருந்தேன், சின்ன வயசுல உசிரா இருந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர் ஏதாவது இப்ப பாத்தா சலிப்பா இருக்கான்னு. வழக்கமா தக்காளி விலை, பஸ் வசதி, மாமியார் பிரச்சனைன்னு எழுதறவங்க எல்லாம் திடுதிப்புனு விண்வெளிக் கப்பல்ல ஏறிட்டாங்க. ஓசூர்ல இருந்து அரூர் வரைக்கும் கேள்வி குமிஞ்சு கெடக்கு. அதனால இந்த இதழ் முழுக்க இதேதான், மாமியார்ங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்.

கேள்வி: அக்கா, வயசு 47, தருமபுரில எலக்ட்ரிகல் சாமான் கடை வெச்சிருக்கேன். காலேஜ் படிக்கறப்ப விசிடி வாடகைக்கு எடுத்து டெர்மினேட்டர், ஏலியன், ஸ்டார் வார்ஸ் ஒண்ணு விட்டதில்ல. டெர்மினேட்டர் ரெண்டாம் பாகத்துல அந்த ரோபோ இரும்புக் குழம்புல இறங்கறப்ப கட்டை விரலத் தூக்கிக் காட்டும் பாருங்க, அதுக்கு அழுத ஆளு நானு. இப்ப பையன் புதுசு புதுசா எதையோ போடறான், கால் மணி நேரத்துல குறட்டை விடறேன். வீட்டுக்காரம்மா "வயசாயிடுச்சு, அவ்ளோதான்"ங்கறாங்க. நெசமாவே ரசனை செத்துப் போச்சா?
வாசகர், தருமபுரி

பதில்: குறட்டைக்கு காரணம் நாள் பூரா கடையில நின்னது தம்பி, அதக் கொண்டு போய் ரசனை தலையில கட்டாதீங்க.

நீங்க சொன்ன கட்டை விரலயே எடுத்துக்குவோம். 1991ல அந்தப் படம் முடியறப்ப என்ன ஆச்சு, பையன் ஜான் பொழச்சுட்டான், அவனக் காப்பாத்த வந்த மெஷினு தன்னை இரும்புக் குழம்புல இறக்கச் சொல்லி அழிஞ்சு போச்சு, வரப்போற பேரழிவும் நின்னு போச்சு. உங்க கண்ணுல தண்ணி வந்ததுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு. 2003ல மூணாவது பாகம் வந்து, "நிக்கல, தள்ளித்தான் போச்சு"ன்னாங்க. சரின்னு விட்டோம். 2009ல ஒண்ணு, 2015ல ஒண்ணு. அப்பறம் 2019ல ஒண்ணு வந்து நடுவுல வந்த மூணையும் கணக்குல சேக்காதீங்கன்னு சொல்லிட்டு, படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே அந்த ஜானையே சுட்டுத் தள்ளிட்டாங்க. எந்தப் பையனுக்காக ஒரு மெஷினு செத்துச்சோ, எதுக்காக நீங்க அழுதீங்களோ, அதயே ஒண்ணுமில்லன்னு ஆக்கிட்டாங்க!

ஏலியன்லயும் இதே கூத்துதான். 1986ல வந்த ரெண்டாவது படம் பூரா கதாநாயகி ரிப்ளி ஒரு சின்னப் புள்ளையக் காப்பாத்த உசிரக் குடுத்து போராடுவா, நம்மளும் நகத்தக் கடிச்சுக்கிட்டு பாத்தோம். 1992ல மூணாவது படம் தொடங்கறப்பவே அந்தப் புள்ள செத்துப் போயிருக்கும். சண்டையில கூட இல்ல, விபத்துல, தூக்கத்துல. ஸ்டார் வார்ஸ்ல 1983ல குழிக்குள்ள தூக்கி எறிஞ்ச பேரரசன் பால்படைன், 2019ல தடால்னு திரும்ப வந்து நிக்கறான், எப்படிடான்னு கேட்டா படத்துலயே ஒருத்தன் எப்படியோ வந்துட்டான்னு சொல்லிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போறான்.

இருபது வயசுல இதெல்லாம் உறைக்காது, முதல் தடவை ஏமாறறப்ப அது ஏமாத்துன்னே தெரியாதுல்ல. அதுவும் இல்லாம அந்த வயசுல நேரம் கொட்டிக் கெடக்கு. இந்தத் தொடர் படங்க எல்லாம் ஒரு மாதிரி ஏலச்சீட்டு, கட்டு கட்டுன்னு மாசா மாசம் வாங்கிக்குவாங்க, "அடுத்த பாகத்துல எல்லாம் தெரிஞ்சுடும்"பாங்க, நமக்கு சீட்டு எடுக்கற மாசம் மட்டும் வரவே வராது. 47 வயசுல ஒரு மனுஷன் கட்டறத நிறுத்திட்டான்னா அவனுக்கு புத்தி வந்துடுச்சுன்னு சொல்லணும், ரசனை செத்துடுச்சுன்னா சொல்றது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல லாரா கார்ஸ்டென்சன்னு ஒரு உளவியல் அம்மா இருக்காங்க. அவங்க ஆராய்ச்சி சொல்றது என்னன்னா, முன்னாடி காலம் நெறைய கெடக்குன்னு தோணறப்ப மனுஷன் புதுசு புதுசா தேடுவான், பின்னாடி உபயோகப்படும்னு எதையும் சேத்து வெச்சுக்குவான், காலம் அளவாத்தான் இருக்குன்னு மனசுல பட ஆரம்பிச்சுட்டா இப்பவே நெறைவு தர்ற விஷயத்துக்கு, நெருக்கமான மனுஷங்களுக்கு மாறிடுவான். இது நோயும் இல்ல குறையும் இல்ல. ஆனா "அடுத்த பாகம் பாருங்க"ன்னு சொல்லி விக்கற கம்பெனிக்கு மட்டும் உங்க வயசு ஆளு ஒத்து வர மாட்டாரு.

சந்தேகமா இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், நல்லா தூங்கி எந்திரிச்சு, 1979ல வந்த ஏலியன் முதல் படத்த மட்டும் தனியா போட்டுப் பாருங்க. அதுலயும் குறட்டை வந்தா எழுதுங்க, அப்ப வீட்டுக்காரம்மா கட்சியில நானும் சேந்துக்கறேன்.

கேள்வி: வயசு 24 க்கா, ஓசூர்ல ஷிப்ட் வேலை. இதுவரைக்கும் ஸ்டார் வார்ஸ் ஒண்ணு கூட பாத்ததில்ல, ரூம்மேட் எல்லாம் கிண்டல் பண்றானுங்க. ஒண்ணாம் நம்பர்ல இருந்து பாக்கணுமா நாலாம் நம்பர்ல இருந்தா? தல சுத்துது.
வாசகர், ஓசூர்

பதில்: வந்த வரிசையில பாருங்க தம்பி. 1977, 1980, 1983, இந்த மூணு. முதல்ல வந்த படத்துக்குத்தான் நாலாம் நம்பர், அந்த நம்பரே 1977ல கெடையாது, 1981ல மறுபடி ரிலீஸ் பண்றப்பதான் ஒட்டுனாங்க. மூணு பாத்துட்டு நிறுத்திக்கிட்டா ஒண்ணும் குடி முழுகிடாது. இன்னும் வேணும்னா 2016ல வந்த ரோக் ஒன் படம், அப்பறம் ஆண்டோர்னு ஒரு தொடர், 2022ல ஒரு சீசன், 2025ல ஒரு சீசன், மொத்தம் 24 எபிசோட்தான், முடிஞ்சிடும். அதுல வர்ற ஆண்டோர் சாகப் போறான்னு ரோக் ஒன் பாத்த எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் மூச்சப் புடிச்சுக்கிட்டுப் பாக்க வைக்கும். நைட் ஷிப்ட் முடிச்ச கையோட மட்டும் போடாதீங்க, பேச்சு ஜாஸ்தி, ஒண்ணும் மண்டையில ஏறாது.

கேள்வி: நான் பள்ளிக்கூட ஆசிரியை. என்னோட சந்தேகம் ஒண்ணுதான். படங்க மோசமாயிடுச்சா, இல்ல நான் மாறிட்டேனா?
வாசகி, பாலக்கோடு

பதில்: டீச்சர், பரீட்சையில "அல்லது" போட்டு கேக்கறாப்ல கேட்டா எப்படி, ரெண்டும்தான்.

ஹோல்புரூக், ஷிண்ட்லர்னு ரெண்டு பேர் 1989ல பாட்டு வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. அவங்க கணக்குப்படி ஒரு ஆளுக்கு ரொம்பப் பிடிக்கற பாட்டு, அவருக்கு கிட்டத்தட்ட 24 வயசு நடக்கறப்ப வந்த பாட்டு. அது போக ஞாபகம்ங்கறதே பத்துல இருந்து முப்பது வயசு வரைக்கும் நடந்தத கெட்டியா புடிச்சு வெச்சுக்கும், உளவியல் ஆளுங்க இத நெறைய தடவை பாத்து வெச்சிருக்காங்க. இதுக்கு நல்ல சாட்சி 1999ல வந்த ஸ்டார் வார்ஸ் படமேதான். அப்ப முப்பது நாப்பது வயசுல இருந்த பழைய ரசிகருங்க காறித் துப்புனாங்க, அப்ப எட்டு பத்து வயசுல இருந்த பசங்க இன்னைக்கு வளந்து பெரியவங்களாகி அதே படத்துக்கு கொடி புடிச்சு சண்டை போடறாங்க. படம் அப்ப இருந்தது இருந்தபடியேதான் இருக்கு.

இதோட இன்னொன்னும் இருக்கு, அத யாரும் அவ்வளவா பேசறதில்ல. இந்தக் கதைங்க நம்மள வாயப் பொளக்க வெச்சதுல பாதி அதுல வந்த சாமான். 1966ல ஸ்டார் ட்ரெக்னு ஒரு டிவி தொடர்ல ஒருத்தர் கையில அடங்கற டப்பாவத் தொறந்து கப்பலோட பேசுவாரு, ஆஹான்னு பாத்தாங்க. இன்னைக்கு ஓசூர் பக்கம் ஐபோன் பாகம் செய்யற ஃபேக்டரிக்கு நம்ம மாவட்டத்துப் பொண்ணுங்க விடியக்காலைல பஸ் ஏறிப் போறாங்க, பஸ்ல உக்காந்துக்கிட்டே அம்மாகிட்ட வீடியோல பேசிட்டுப் போறாங்க. சாமான் காட்டி மயக்கற வேலை இனிமே நடக்காது. கதை இருந்தாத்தான் நிக்கும். பழைய ஸ்டார் ட்ரெக்ல மொத்தம் 79 எபிசோட், அட்டை செட்டு, ரப்பர் முகமூடி, பாத்தா சிரிப்பு வரும், ஆனாலும் நல்ல எபிசோட் இன்னைக்கும் உக்கார வெச்சிடும், ஏன்னா அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு கேள்விய எடுத்து அடிச்சு முடிச்சிடுவாங்க. இது பத்தி இன்னும் சொல்லணும், கீழ பென்னாகரம் ஐயா கேட்டிருக்காரு, அங்க சொல்றேன்.

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரரு பரண் பூரா காமிக்ஸ் அடுக்கி வெச்சிருக்காரு, பாதிக்கு மேல இரும்புக்கை மாயாவி. எடுத்துப் படிச்சு நான் பாத்ததே இல்ல, எடைக்குப் போடலாம்னா மட்டும் சண்டைக்கு வர்றாரு. என்ன பண்றது?
வாசகி, ஊத்தங்கரை

பதில்: எடைக்குப் போடறதா? தங்கச்சி, பாவம் பிடிச்சுக்கும். 1972ல சிவகாசில இருந்து முத்து காமிக்ஸ் வந்தப்ப முதல் புத்தகமே மாயாவிதான். ஆய்வுக்கூட விபத்துல கை போய், இரும்புக்கை மாட்டி, கரண்ட்ல கைய வெச்சா ஆளு மறைஞ்சு கை மட்டும் தெரியும், இங்கிலாந்துக் கதை, ஆனா நம்ம பசங்க அவனை நம்ம ஊர் ஆளாவே ஆக்கிட்டாங்க. எங்க தெருவுல ஒரு பையன் ப்ளக் பாயிண்ட்ல விரல விடப் போயி அவங்கம்மா கிட்ட வாங்குன அடி இன்னும் கண்ணுல நிக்குது. படிக்கலன்னா என்ன, இருக்குன்னு ஒரு தெம்புதான் அவருக்கு. கரையான் மருந்து மட்டும் அடிச்சு வைங்க. பழைய இதழ் தேடி அலையறவங்க நல்ல விலை குடுத்து வாங்கறாங்கன்னு சொன்னா உங்களுக்கே மனசு மாறிடும், அதனால சொல்ல வேண்டாம்னு பாத்தேன்.

கேள்வி: என் பொண்ணுக்கு 19 வயசு. எட்டு ஒம்பது வயசுல இருந்து மார்வெல் மார்வெல்னு உசிர விட்டவ, எண்ட்கேம் பாத்துட்டு ரெண்டு நாள் சரியா சாப்பிடல. இப்ப புதுப்படம் வந்தா "போரு மா"ன்னு போயிடறா. இந்த வயசுலயே இப்படி விட்டேத்தியா இருக்கலாமா?
வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: பாருங்க, "வயசாயிடுச்சு"ன்னு சொன்ன தருமபுரி அம்மாவுக்கு உங்க பொண்ணே பதில் சொல்லிட்டா.

2008ல அயர்ன் மேன்ல ஆரம்பிச்சு 2019ல எண்ட்கேம் வரைக்கும் 22 மார்வெல் சூப்பர் ஹீரோ படம். நல்லதோ கெட்டதோ, ஒரு பெரிய கதைய இழுத்துட்டு வந்து முடிச்சாங்க, அயர்ன் மேனா வர்ற டோனி ஸ்டார்க் செத்தான், கேப்டன் அமெரிக்கா கெழவனாகி உக்காந்தான், உங்க பொண்ணு சாப்பிடாம படுத்தா. அங்க நிறுத்தியிருக்கணும். நிறுத்துனா கல்லா எப்படி நெறையும்? 2021ல இருந்து டிவி தொடர் வேற சேந்துக்கிச்சு. 2022ல வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்துல நல்லவளா இருந்த வாண்டா ஏன் வில்லி ஆயிட்டான்னு புரியணும்னா அதுக்கு முன்னாடி வாண்டாவிஷன் தொடர் ஒம்பது எபிசோட் பாத்திருக்கணும். பொழுதுபோக்குக்கு வீட்டுப்பாடம் குடுத்தா எந்தப் புள்ள செய்யும்? காலேஜ்ல குடுக்கறதே தீரல. கவலைப்பட வேண்டிய விஷயம் ஒண்ணுதான், மார்வெல விட்டுட்டு வேற எதையாவது புடிச்சாளா இல்ல சும்மா ரீல்ஸ் தள்ளிட்டு கெடக்காளா? வேற ஏதாவது புடிச்சிருந்தா நிம்மதியா தூங்குங்க.

கேள்வி: அம்மா, எனக்கு 68 வயசு. எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து நடக்கும். நாலு வயசுல எங்கப்பன் தோள்ல உக்காந்து பாத்தேன், இன்னைக்கு பேரன கூட்டிட்டுப் போறேன். அதே கதை, அதே பாட்டு, ஒரு நாளும் சலிக்கல. பேரன் பாக்கற இங்கிலீஷ் படத்துல எட்டாம் பாகம் ஒம்பதாம் பாகம்ங்கறான், அவனுக்கே அலுத்துப் போச்சாம். எங்களுக்கு சலிக்காதது அவனுக்கு ஏன் சலிக்குது?
வாசகர், பென்னாகரம்

பதில்: ஐயா, இந்த இதழ்லயே ஒசத்தியான கேள்வி உங்களுதுதான்.

மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறறது, எல்லாம் ஆகி கடைசி நாள் காலைல படுகளம். நாஞ் சொல்ல வேண்டியதில்ல, உங்களுக்குத் தெரியும், தெரியாத பசங்களுக்காக எழுதறேன். மைதானத்துல மண்ணால துரியோதனன் மல்லாக்க படுத்திருப்பான், கண்ணு ரெண்டும் பிதுங்கி, மீசை முறுக்கி, கூட்டம் வெயில்ல சுத்தி நிக்கும். வேஷம் கட்டுன பீமன் ராத்திரி பூரா ஆடுன அலுப்புல, முகத்துல அரிதாரம் வேர்வையில கலைஞ்சு வழிய, கதாயுதத்தத் தூக்கிட்டு அந்த மண் ஒடம்ப சுத்தி ஓடுவாரு. தொடையில அடி விழும், செவப்புத் தண்ணி பீறிட்டு வரும், பாஞ்சாலி அதத் தொட்டு கூந்தல அள்ளி முடிவா. அவ்ளோதான். பொம்பளைங்க அந்த மண்ணுல ஒரு புடி அள்ளி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வீட்டப் பாக்க போவாங்க.

கவனிங்க, முடிஞ்சிடுச்சு. துரியோதனன் எப்படியோ பொழச்சு வந்துட்டான்னு அடுத்த நாள் ராத்திரி யாரும் கூத்து கட்டல. அடுத்த தடவை நடத்தறப்ப மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும், மறுபடி அவன் விழுவான். அதனாலதான் உங்களுக்கு சலிக்கல. திருப்பிச் சொல்றது வேற, முடிக்காம இழுக்கறது வேற. திருப்பிச் சொல்ற கதையில கதை அப்படியே இருக்கும், பாக்கற நீங்க மாறியிருப்பீங்க. நாலு வயசுல உங்களுக்கு பீமனத் தவிர வேற யாரும் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்க மாட்டாங்க. இருபதுல அர்ச்சுனன். நாப்பதுல கர்ணன் செத்தப்ப தொண்டை அடைச்சிருக்கும். இன்னைக்கு நீங்க யாரப் பாக்கறீங்கன்னு எழுதல, நானா சொல்லட்டுமா, காந்தாரி அழுகறப்ப எந்திரிச்சு போயி டீக்கடைகிட்ட நின்னுக்குவீங்க. இந்த வித்தைய ஒம்பதாம் பாகம் செய்யவே முடியாது, ஏன்னா அது ஒவ்வொரு தடவையும் தானே மாறிக்கிட்டு இருக்கு, முன்னாடி நடந்தத அழிச்சுக்கிட்டு இருக்கு, நீங்க எவ்வளவு மாறியிருக்கீங்கன்னு அளந்து பாக்க அதுல ஒரு எடமும் நிலையா நிக்கல. 2014ல ஸ்டார் வார்ஸ் கம்பெனியே, அதுவரைக்கும் வந்த நாவல் காமிக்ஸ்ல பெரும்பாலானத இனிமே உண்மையான கதையில சேத்தி இல்லன்னு ஒதுக்கி வெச்சுட்டாங்க. இருவது வருஷத்துக்கு மேல அதப் படிச்சு படிச்சு மனப்பாடமா வெச்சிருந்த ஆளுங்க இருந்தாங்க, அவங்கள நெனச்சுப் பாருங்க.

நீளமா போறதே தப்புன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. இங்கிலாந்துல டாக்டர் ஹூன்னு ஒரு டிவி தொடர் 1963ல ஆரம்பிச்சது, நடுவுல 1989ல நிறுத்தி, ஒரே ஒரு டிவி சினிமா தவிர ஒண்ணும் இல்லாம கெடந்து, 2005ல மறுபடி தொடங்குச்சு. 1966லயே முதல் நடிகருக்கு ஒடம்பு சரியில்லாம போக, கதாநாயகனான டாக்டர் சாகாம வேற ஒடம்புக்கு மாறிக்குவாருன்னு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அதுலயிருந்து நடிகர் மாறிட்டே இருப்பாரு, கூத்துல பீமன் வேஷம் அப்பன் கட்டுனத மகன் கட்டற மாதிரின்னு வெச்சுக்குங்க. அந்தந்த வாரமோ நாலு வாரத்துலயோ ஒரு கதை முடிஞ்சிடும், பழசு ஒண்ணும் தெரியாத பேரனும் உக்காரலாம், தாத்தாவும் உக்காரலாம். அங்கயும் "எங்க காலத்து டாக்டர் மாதிரி வருமா"ன்னு பெருசுங்க பொலம்பல் உண்டு, அது எந்த ஊர்லதான் இல்ல.

பேரனுக்கு ஒண்ணு சொல்லுங்க ஐயா, எட்டாம் பாகம் பிடிக்கலன்னா முதல் பாகத்த மறுபடி பாக்கச் சொல்லுங்க. அது அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: சுஜாதா சாரோட ரோபோ நாய்க்குட்டி ஜீனோ கதைக்கு மூணாம் பாகம் யாராவது எழுதுனா நல்லா இருக்கும்ல? என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஏஐ வெச்சு எழுதறேன்னு உக்காந்திருக்கான்.
வாசகர், அரூர்

பதில்: வேண்டவே வேண்டாம். என் இனிய இயந்திரா, மீண்டும் ஜீனோ, ரெண்டே ரெண்டு நாவல், 2008ல அவரும் போயிட்டாரு. அந்தக் கதை நடக்கறதா அவர் எழுதுன 2020கள்லதான் நாம இப்ப இருக்கோம், ஆனாலும் அந்த ரோபோ நாய்க்குட்டி புத்தகம் படிச்சுட்டு எதிர்க்கேள்வி கேக்கறத இன்னைக்குப் படிச்சாலும் சிரிப்பு வருது. உங்க ஃப்ரெண்டுக்கு அவ்வளவு ஆசையா இருந்தா வேற ஒரு நாய்க்குட்டியப் பத்தி சொந்தமா எழுதச் சொல்லுங்க, பேரும் வேற வைக்கச் சொல்லுங்க.